ஏணியின் கண்மட்டம்

அந்தத் தச்சருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. ஊருக்கு அவர் ஏணி. நூற்று எண்பத்தெட்டு சென்டிமீட்டர் உயரம். பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் அவருடைய சட்டைப்பைப் பென்சிலிடம்தான் பேச ஆரம்பிப்பார்கள். பிறகுதான் அண்ணாந்து முகத்தைத் தேடுவார்கள்.

தொழிலில் குறை சொல்ல முடியாது. அவர் செய்த இழுப்பறையை ஒரு விரலால் தள்ளினால் போதும், சத்தமில்லாமல் போய் மூடிக்கொள்ளும். வம்பெல்லாம் படம் வரைவதில்தான். இந்தக் காலத்து ஆட்களுக்கு மரத்தைத் தொடுவதற்கு முன்னால் படம் வேண்டுமாம். ஏணி படம் வரைந்தால் அது ஒரு செவ்வகம். உள்ளே நாலு கோடு, ஓரமெல்லாம் அளவு. ஒரு பெண்மணி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது குறுக்கெழுத்துப் போட்டியா?" என்று கேட்டாள். அவள் அலமாரியை வேறு இடத்தில் வாங்கிக்கொண்டாள்.

அப்படி வேறு இடத்துக்குப் போனவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றுதான்: ஏணியின் மச்சினன் நடத்தும் கடை. மனைவியின் கூடப் பிறந்த தம்பி. அங்கே கம்ப்யூட்டர் படம் போடும். பலகை பெட்டியில் வரும். எடுத்துத் திருகாணியை முடுக்கினால் மேசை.

கடைசியாக ஒரு பெரிய வேலை கண்ணில் பட்டது. பேட்டை நூலகத்தில் சிறுவர் வாசிப்பு அறை கட்டியிருந்தார்கள். அலமாரி, மேசை, பெஞ்சு எல்லாம் சேர்த்தால் ஒரு வருட வேலை. அறை முடிந்த பிறகு எப்படி இருக்கும் என்று படம் வரைந்துகொண்டு நாலு வாரம் கழித்து வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள். போட்டிக்கு இரண்டே பேர், ஏணியும் மச்சினனும். இது கிடைக்காவிட்டால் பட்டறையை மூடிவிட்டு மச்சினன் கடையில் திருகு முடுக்கப் போவதாகக் குடும்பத்தில் பேச்சு. ஏணியே ஒத்துக்கொண்ட பேச்சுதான். ஒத்துக்கொண்ட மறுநாளே மச்சினன் கடைச் சீருடைக்கு நீலத் துணி அனுப்பிவிட்டான். மற்றவர்களைவிட அரை மீட்டர் கூடுதலாக.

ஏணியின் மனைவி தையல்காரி. பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். அந்த நீலச் சட்டையை ஒரே மத்தியானத்தில் தைத்து ஆணியில் மாட்டினாள், பொத்தான் மட்டும் வைக்கவில்லை. கேட்டால் நேரமில்லை என்றாள். ஒரு நாளைக்கு இருநூறு பொத்தான் வைக்கிறவள்.

இப்படித்தான் ஏணி, ஐம்பத்தொரு வயதில், 'பெர்ஸ்பெக்டிவ் வரைதல், தொடக்க நிலை' என்ற வகுப்பில் போய் உட்கார்ந்தார். திங்கள், புதன் மாலை. இடம் ஒரு பல் மருத்துவமனையின் மாடி. டீச்சருக்கு இருபத்தைந்து வயதிருக்கும். பல் டாக்டரும் ஒரு மாணவர். வாடகையில் பாதியைக் கழித்துக்கொண்டு படிக்கிறார் என்று பேச்சு. குள்ளமான, குதூகலமான மனிதர்.

முதல் நாள் டீச்சர் பலகையில் குறுக்கே ஒரு கோடு போட்டார். "இது தொடுவானக் கோடு." அதன் நடுவில் ஒரு புள்ளி வைத்து, கீழிருந்து இரண்டு கோடுகளை அதை நோக்கி இழுத்தார். "இது ரெண்டும் தண்டவாளம்னு வெச்சுக்குங்க. போகப் போக நெருங்கி இந்தப் புள்ளியில சேர்ந்துடும். இதுக்குப் பேரு மறையும் புள்ளி."

ஏணி கையைத் தூக்கப் போனார். டீச்சர் ஓடிப்போய் மின்விசிறியை நிறுத்தினார்.

"தண்டவாளம் சேர்ந்துட்டா ரயில் கவுந்துடுமே, டீச்சர்."

"நிஜத்துல சேராது சார். சேர்ற மாதிரி தெரியும்."

"அப்ப தெரியறதை வரையணுமா, இருக்கறதை வரையணுமா?"

"தெரியறதை."

"இருக்கறதை யாரு வரையறது?"

டீச்சர் சற்று யோசித்துவிட்டு மின்விசிறியைப் போட்டார்.

அடுத்தது பெட்டி. எல்லாரும் ஒரு பெட்டி வரைந்தார்கள். ஏணியும் கோடு பிசகாமல் வரைந்தார். வரைந்து முடித்ததும் இடுப்பிலிருந்து டேப்பை உருவி அளந்தார். முகம் சுண்டிவிட்டது.

"பின் விளிம்பு ஒம்பது மில்லி கம்மியா இருக்கு, டீச்சர்."

"கம்மியாத்தான் சார் இருக்கணும். தள்ளி இருக்கில்ல?"

"இப்படிக் கம்மியாச் செஞ்சு குடுத்தா வாங்கினவர் என் தலையிலயே போட்டு உடைப்பாரு."

"அதுக்கு அவரு ஒரு ஸ்டூல் எடுத்துட்டு வரணும்," என்றார் பல் டாக்டர்.

வகுப்பே சிரித்தது. ஏணிக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருடமாக மரத்துக்குத் துரோகம் செய்யாதவர் தாளுக்குச் செய்வாரா? மனசாட்சி குடைந்தது. அதனால் சுருங்கிப்போன ஒவ்வொரு கோட்டின் பக்கத்திலும் பொடி எழுத்தில் 'உண்மையில் 60 செ.மீ.' என்று எழுதிவைத்தார். இரண்டாவது வாரம் அவர் படங்களில் கோடுகளைவிட மன்னிப்புகள் அதிகமாக இருந்தன.

டீச்சர் பொறுமைசாலி. ஒருநாள் அவரை ஜன்னலுக்கு முன்னால் நிறுத்தி, கையில் ஒரு மார்க்கர் பேனாவைக் கொடுத்தார். "ஒரு கண்ணை மூடிக்குங்க. தலையை ஆட்டாதீங்க. கண்ணாடி வழியா தெரு எப்படித் தெரியுதோ அப்படியே கண்ணாடி மேல கோடு போடுங்க."

ஏணி போட்டார். எதிர்வரிசை வீடுகளின் மாடி விளிம்பு, நடைபாதை ஓரம், மின்கம்பி. எல்லாம் ஒன்றுக்கொன்று சாய்ந்துகொண்டு, சொல்லிவைத்த மாதிரி ஒரே இடத்தைப் பார்த்து ஓடின. அவர் திறந்த வாய் மூடவில்லை. ஐம்பத்தொரு வருடமாக உலகம் இப்படித்தான் தெரிந்துகொண்டிருந்திருக்கிறது, ஒரு பயலும் சொல்லவில்லை.

"கோடு பொய் சொல்லலை சார்," என்றார் டீச்சர். "நீங்க எங்க நிக்கிறீங்கன்னு சொல்லுது."

பல் டாக்டர் ஆவலாக வந்து அதே இடத்தில் நின்று பார்த்தார். "தப்பா இருக்கே. உங்க கோடெல்லாம் வீட்டை விட்டு ஒரு சாண் விலகி நிக்குது."

"நீங்க சரியா நிக்கலை."

"நான் நேராத்தான் நிக்கிறேன்."

"அப்ப எக்கி நில்லுங்க."

டீச்சர் முகம் மலர்ந்தது. "அங்கதான் விஷயமே இருக்கு. தொடுவானம்கறது எங்கயோ தூரத்துல இல்ல. பார்க்கிறவங்க கண்ணோட மட்டம்தான் அது. பார்க்கிற ஆள் மாறினா..." அதற்குள் கீழே நாற்காலியில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தவர் கூச்சல் போட, டாக்டர் ஓட, வகுப்பு கலைந்தது. ஏணி அந்த வாக்கியத்தை நோட்டில் எழுதி இரண்டு தடவை அடிக்கோடிட்டார். பார்க்கிறவர் யார் என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. அவர்தான்.

அதற்குப் பிறகு ஆள் பித்துப் பிடித்தவர் போலானார். போகிற இடமெல்லாம் மறையும் புள்ளி. நடுரோட்டில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றவரைப் பார்த்து பஸ் டிரைவர் பிரேக்கைப் போட்டு, "வீட்ல சொல்லிட்டு வந்துட்டீங்களா?" என்று விசாரித்தார். ஏணி அவரிடம் பஸ்ஸின் பக்கவாட்டுக் கோடுகள் எவ்வளவு அழகாகச் சேர்கின்றன என்று சொல்ல ஆரம்பித்தார். பஸ் போய்விட்டது.

மூன்றாவது வாரம் வாசிப்பு அறையின் படத்தைத் தொடங்கினார். அறையை மூலையிலிருந்து பார்ப்பது போல வரைய வேண்டும் என்றால் மறையும் புள்ளி இரண்டு. அந்த இரண்டும் தாளுக்கு வெளியே வெகுதூரம் போய்விழும். மற்றவர்கள் தாளைச் சின்னதாக்கிக்கொள்வார்கள். ஏணி தச்சர் அல்லவா, ஆணி அடித்தார். முன்னறைச் சுவரின் நடுவில் பெரிய தாளை ஒட்டினார். ஒருபக்கம் அடுப்படி வாசலைத் தாண்டி ஓர் ஆணி. மறுபக்கம் படுக்கையறை வாசலைத் தாண்டி ஓர் ஆணி. இரண்டிலும் நூல் கட்டித் தாளுக்கு இழுத்தார். நூல் போகிற வழியே பென்சில் ஓடினால் கோடு தப்பவே தப்பாது. ஆணியை எந்த உயரத்தில் அடித்தார் என்று கேட்க வேண்டியதில்லை. தொடுவானம் என்பது கண்மட்டம். அவருடைய கண்மட்டம், தரையிலிருந்து நூற்று எழுபத்தாறு சென்டிமீட்டர்.

ஆக, வீட்டின் இரண்டு வாசலிலும் சரியாக அவர் கண்ணுக்கு நேராக நூல். தண்ணீர் குடிக்கப் போனால் மூக்கில் மாட்டும். படுக்கப் போனால் புருவத்தில் மாட்டும். தானே கட்டிய நூலில் ஒரு நாளைக்குப் பத்து தடவை மாட்டிக்கொண்டார். அவர் மனைவியோ, தைத்த சீருடைக் குவியலைத் தோளில் சுமந்துகொண்டு இந்த வாசலுக்கும் அந்த வாசலுக்கும் நூலுக்கு அடியில் போய்வந்துகொண்டிருந்தாள். நூற்று நாற்பத்தேழு சென்டிமீட்டர். மூன்றாம் நாள்தான், "இதென்ன நூலு?" என்று கேட்டாள்.

நாலாவது வாரம் புதன்கிழமை மாலை, வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு ஏணி வரைந்துகொண்டிருந்தபோது மச்சினன் வந்தான். அக்காவைத் தேடி அடுப்படிப் பக்கம் போன வேகத்தில் தலைமேல் ஏற்றி வைத்திருந்த கறுப்புக் கண்ணாடியை நூல் கழற்றி எறிந்தது.

"என்ன மச்சான், வீட்டுக்குள்ள வலை விரிச்சிருக்கீங்க?"

"மறையும் புள்ளி, மாப்ளே. உனக்குப் புரியாது."

மச்சினன் சிரித்துக்கொண்டே தன் போனை அக்காவிடம் நீட்டினான். நூலகத்துக்கு அவன் கொண்டுபோகிற படம். பளபளவென்று வண்ணம், மேசைமேல் வெயில், நிழல். கூரை மூலையிலிருந்து மொத்த அறையும் தெரிந்தது. "ஒரு நிமிஷத்துல போட்டுடுச்சுக்கா."

அக்கா வெகுநேரம் பார்த்தாள். "இது யாரு பார்க்கிறது? பல்லியா?"

ஏணி சிரித்த சிரிப்பில் நூல் அதிர்ந்தது. மச்சினன் ஆணியில் தொங்கிய நீலச் சட்டையைப் பார்த்து, "பொத்தான் மட்டும்தானே பாக்கி?" என்று கேட்டுவிட்டுப் போனான். அவன் கெட்டவன் இல்லை. மச்சானுக்கு மாதாமாதம் நிலையான சம்பளம் கிடைக்கட்டும் என்று மனதார நினைத்தவன்தான். அதுதான் ஏணிக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

அவன் போனதும் ஏணி கடைசிக் கோட்டை இழுத்து முடித்தார். இரண்டு அடி பின்னால் போய்ப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. சுவரில் ஓர் அறையே திறந்தது போலிருந்தது. "இங்க வந்து பாரேன்," என்று மனைவியைக் கூப்பிட்டார்.

அவள் வந்து பார்த்தாள். அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருந்தது.

"நல்லா இருக்கு," என்றாள். பிறகு, "இது யாரு பார்க்கிறது?"

"இதென்ன கேள்வி? பார்க்கிறவங்கதான்."

"அலமாரியோட மேல் பலகையெல்லாம் தெரியுதே. மேல ஒரு பூந்தொட்டி வேற வெச்சிருக்கீங்க. நம்ம வீட்டு அலமாரியோட மேல் பலகையை நான் இன்னிக்கு வரைக்கும் பார்த்ததில்லை."

ஏணிக்குச் சுருக்கென்றது. அவள் தன் அளவு நோட்டைக் கொண்டுவந்து புரட்டினாள். பேட்டைப் பிள்ளைகள் அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். "ஆறு வயசு. உச்சந்தலைக்கு நூத்திப் பதினஞ்சு. கண்ணு அதுக்கும் கீழ." தரையிலிருந்து தையல் டேப்பை நீட்டி, தன் நெஞ்சுக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினாள். நூல் எங்கேயோ மேலே இருந்தது. "இங்கருந்து பார்த்தா உங்க மூணாவது தட்டுல இருக்கற புஸ்தகம் தெரியாது. அஞ்சாவது தட்டு இருக்கறதே தெரியாது. நான் ஆளை அளந்துட்டுத் துணியை வெட்டறேன். நீங்க சுவரை அளந்துட்டு மரத்தை வெட்டறீங்க."

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பாடுபட்டு வரைந்தவனுக்குத்தான் தெரியும் என்றார். நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை என்றார். வெளியே போய் வாசலில் நின்றார். தெரு முழுக்கக் கோடுகள் அவர் கண்ணுக்கு நேராக ஓடிச் சேர்ந்தன. பக்கத்து வீட்டுக் குட்டிப் பெண் மூன்று சக்கர வண்டியில் போனாள். அவளுக்கு அவை வேறெங்கோ சேரும். பல் டாக்டர் எக்கி நின்றது ஞாபகம் வந்தது. டீச்சர் முடிக்காமல் விட்ட வாக்கியமும்.

உள்ளே வந்து தாளுக்கு முன்னால் மண்டியிட்டார். மனைவி டேப்பைப் பிடித்தாள். மண்டியிட்டும் அவர் கண் நூற்று இருபத்தாறில் இருந்தது.

"இன்னும் இறங்கணும்," என்றாள். அடுப்படிக்குப் போய் ஒரு குட்டை ஸ்டூலை எடுத்துவந்து போட்டாள். கல்யாணமான புதிதில் அவர் செய்துகொடுத்தது.

"இது எதுக்கு அடுப்படியில கிடக்கு? உட்கார்ந்து காய் நறுக்கத்தானே செஞ்சேன்?"

"பதினெட்டு வருஷத்துல நான் இதுல உட்கார்ந்து பார்த்திருக்கீங்களா?"

ஏணி ஸ்டூலைக் கையில் எடுத்தார். மேல் பலகையில் இரண்டு பள்ளம். பக்கத்தில் பக்கத்தில், பாதம் போல. மரம் தேய்ந்ததைப் படிக்கத் தெரிந்தவர் அவர். யார் எங்கே ஊன்றினார்கள், எத்தனை நாள் ஊன்றினார்கள் என்று ஒரு தடவலில் சொல்லிவிடுவார். இதை மட்டும் தடவிப் பார்க்கவே இல்லை.

அதன்மேல் உட்கார்ந்தார். கண் நூற்று ஐந்துக்கு வந்தது. எதிரே அடுப்படி. சுவரில் அவர் செய்த அலமாரி, தன் கைக்கு எட்டுகிற உயரத்தில் தன் கையால் மாட்டியது. இங்கிருந்து அதில் ஒரு டப்பாகூடத் தெரியவில்லை. பலகையின் அடிப்பக்கம் மட்டும் தெரிந்தது. இழைக்காத அடிப்பக்கம், ரம்பப் பல் பட்ட கீறலோடு. அடிப்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று அன்றைக்கு விட்டுவிட்டார். பதினெட்டு வருடம் அவள் அதைத்தான் பார்த்திருக்கிறாள். ஏணிக்கு வெட்கமாக இருந்தது.

"சொல்லியிருக்கலாம்ல?"

"எத்தனையோ தடவை சொன்னேன். உங்க காது ரொம்ப மேல இருக்கு."

ஆணிகளைப் பிடுங்கி நூற்று ஐந்தில் அடித்தார். வியாழக்கிழமை பட்டறையைத் திறக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தபடி புதுத் தாளில் புது அறையை வரைந்தார். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் பழைய அலமாரிகள் அறையாகத் தெரியவில்லை, மதில் சுவராகத் தெரிந்தன. எல்லாவற்றையும் நூற்றுப் பத்துக்கு இறக்கினார். பூந்தொட்டியை எடுத்துவிட்டார். ஒரு மன்னிப்பும் எழுதவில்லை. அன்று முழுக்க அவர் நூலைக் கையால் தாழ்த்தித் தாண்டி நடந்தார். அவர் மனைவிதான் சீருடைக் குவியலோடு அதில் மாட்டிக்கொண்டு திட்டினாள்.

வெள்ளிக்கிழமை அந்தப் புது அறையில், நூலகர் அம்மாவும் நூலகக் குழுவில் மேலும் இரண்டு பேரும் காத்திருந்தார்கள். இருவருமே ஓய்வு பெற்றவர்கள், கனத்த உடம்பு. மச்சினன் முதலில் திரையில் படத்தைப் போட்டான். எல்லாரும் பிரமாதம் என்றார்கள். பிரமாதமாகத்தான் இருந்தது. பிறகு ஏணி சுவரில் தாளை மாட்டினார். முட்டி உயரத்திலிருந்து தொடங்கியது தாள்.

"கொஞ்சம் மேல மாட்டுங்களேன்," என்றார் நூலகர்.

"மாட்டக் கூடாது மேடம். தொடுவானம் தரையிலேருந்து நூத்தஞ்சு சென்டிமீட்டர். மேல ஏத்தினா மொத்தமும் பொய்யாயிடும்."

நூலகர் அவரையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு மண்டியிட்டார். இரண்டு உறுப்பினர்களும் வேறு வழியில்லாமல் இறங்கினார்கள். ஒருவர் முட்டி 'சடக்' என்றது. கடைசியில் மச்சினனும் என்னதான் இருக்கிறது என்று பார்க்கத் தரையில் உட்கார்ந்தான். ஏணி மட்டும் நின்றுகொண்டிருந்தார். தனியாக நிற்பது மரியாதையில்லை என்று தோன்ற அவரும் உட்கார்ந்தார்.

நூலகர் கையை நீட்டித் தாளிலிருந்த புத்தகம் ஒன்றை எடுக்கப் போவது போல விரலைக் கொண்டுபோனார். பிறகு அப்படியே திரும்பி உண்மையான அறையைப் பார்த்தார்.

"ஜன்னல்ல வெறும் வானம்தான் தெரியுது. இத்தனை நாள் நான் கவனிக்கவே இல்லை."

"ஜன்னலுக்குக் கீழ ஒரு படி வெச்ச பெஞ்சு போட்டிருக்கேன் மேடம். ஏறி உட்கார்ந்தா தெரு தெரியும்."

"இங்க ஏதோ எழுதியிருக்கே." தாளின் அடியில் ஒரே ஒரு வரி இருந்தது: 'எல்லாத் தட்டுகளின் அடிப்பக்கமும் இழைக்கப்படும்.' "அடிப்பக்கத்தை எதுக்கு இழைக்கணும்? யாரு பார்க்கப் போறாங்க?"

"பார்க்கிறவங்க இருக்காங்க மேடம்," என்றார் ஏணி.

வேலை அவருக்குத்தான் என்று முடிவு சொல்லும்போதும் எல்லாரும் தரையில்தான் இருந்தார்கள். உறுப்பினர்கள் இருவரையும் ஏணிதான் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினார். மச்சினன் தானே எழுந்து, "அடிப்பக்கத்தை இழைக்கிறதுக்குக் கம்ப்யூட்டர்ல பட்டனே இல்லை மச்சான்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை ஏணி அடுப்படி அலமாரியைக் கழற்றினார். அடிப்பக்கத்தைக் கண்ணாடி மாதிரி இழைத்தார். மனைவியைச் சுவரோரம் நிறுத்தி, அவள் கண்மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு கிழித்தார். முப்பத்தெட்டு சென்டிமீட்டர் இறக்கி மாட்டினார். அவள் கையை நீட்டி மேல் தட்டிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள், திரும்ப வைத்தாள், மறுபடி எடுத்தாள். அதில் அவளுக்கு வேண்டியது ஒன்றும் இல்லை.

அன்று சாயங்காலத்துக்குள் ஏணி அந்த அலமாரி மூலையில் மூன்று தடவை நெற்றியை இடித்துக்கொண்டார். மூன்றாவது தடவை, "கொஞ்சம் உசத்தி மாட்டியிருக்கலாமோ," என்று நெற்றியைத் தேய்த்தார்.

"பதினெட்டு வருஷம் நான் ஏறினேன்," என்றாள் அவள். "இனிமே நீங்க குனிங்க."

சொல்லிவிட்டு முன்னறைக்குப் போனாள். நீலச் சட்டையை ஆணியிலிருந்து எடுத்து, ஒரு கையை வெட்டி, உள்ளே பஞ்சு அடைத்து, சின்னத் தலையணை போல ஒன்று தைத்தாள். அதை அலமாரி மூலையில் அவர் நெற்றி படுகிற இடத்தில் வைத்துக் கட்டினாள். கழன்று விழாமல் இருக்க அதற்கு இரண்டு பொத்தான் வைத்தாள்.